கூரத்தாழ்வான்: கண்ணிழந்த காலத்து வாழ்வு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை மாதத்து ஹஸ்த நக்ஷத்திரம் நம் ஸம்ப்ரதாயத்தில் ஈடில்லாத ஒரு மஹானை நினைப்பூட்டுவது. எம்பெருமானாருக்கு முதலியாண்டான் த்ரிதண்டமாகவும், கூரத்தாழ்வான் அதில் கட்டிய பவித்திரமாகவும் கொண்டாடப்படுகின்றனர். ஆழ்வானுடைய கல்வியையும் தியாகத்தையும் ஆசார்ய பக்தியையும் பற்றிப் பெரியோர் பலர் விரிவாக அருளிச்செய்துள்ளனர். அவர் கண்ணை இழந்த வரலாறும் யாவரும் அறிந்ததே. ஆயினும் உபந்யாஸங்களில் நாம் பெரும்பாலும் சோழன் சபையோடு கண்ணீர் வடித்து, உடனே காஞ்சிப் பேரருளாளன் ஸந்நிதிக்குச் சென்று விடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. பார்வையுள்ளோர் தமக்கென அமைத்துக்கொண்ட உலகில் பார்வையில்லாத ஒருவராக ஆழ்வான் நாள்தோறும் வாழ்ந்த ஆண்டுகள் அவை. அடியேன் அறிந்த அளவில் அப்பகுதியைச் சற்று நின்று அநுபவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவவதாரமும் துறவும்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில், ஹாரீத கோத்திரத்தில், ஸௌம்ய வருஷம் தை ஹஸ்தத்தில் ஆழ்வான் அவதரித்தார். ஆங்கிலக் கணக்கில் அது 1010 ஆம் ஆண்டு என்பர். எம்பெருமானார் அவதரித்தது 1017 இல். ஆகவே சிஷ்யர் ஆசார்யனைவிட வயதில் மூத்தவர். திருமறுமார்பன் என்பது அவருடைய இயற்பெயர். வடமொழியில் ஸ்ரீவத்ஸாங்கர் என்பர். தேவிகளின் திருநாமம் ஆண்டாள்.

கூரத்தில் அவருடைய மாளிகையில் பகல் முழுவதும் அன்னதானம் நடக்கும். இரவில் கதவைச் சாத்தும் மணியோசை காஞ்சி வரை எட்ட, அது கோயில் நடை சாத்தும் ஓசையோ என்று பெருந்தேவித் தாயார் ஐயுற்றதாக வரலாறு. இதைக் கேட்டுக் கூசிய ஆழ்வான், அச்செல்வம் முழுவதையும் விட்டொழித்துத் தேவிகளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கும்போது தேவிகள் அஞ்சினார். கையில் ஏதேனும் பொருள் இருந்தாலன்றி அச்சத்துக்கு இடமில்லையே என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்காக எடுத்து வந்த பொன்வட்டில் ஒன்று இருப்பதைத் தேவிகள் சொன்னார். அதையும் வாங்கி எறிந்துவிட்டு மேலே நடந்தார். பின்னாளில் கண்ணையே விட்டவருக்கு விடுதல் என்பது இவ்வாறு முன்னமே பழகியிருந்தது.

திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியே வாழ்வாயிற்று. மழையால் அதுவும் இயலாமற் போன ஒரு நாளில் இருவரும் உண்ணாதிருந்தனர். இரவில் பெரியபெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டுத் தேவிகள் மனத்தில் வருந்த, பெருமாள் நியமனத்தால் ப்ரஸாதம் வீடு தேடி வந்தது. அந்த ப்ரஸாதத்தின் பலனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர் என்பது பெரியோர் கொள்கை.

கையில் ஏடில்லாத கல்வி

ஸ்ரீபாஷ்யம் இயற்றுவதற்கு வேண்டிய போதாயன வ்ருத்தி க்ரந்தத்தைத் தேடி எம்பெருமானார் காஷ்மீரத்துக்கு எழுந்தருளியபோது ஆழ்வானும் உடன் சென்றார். அரிதிற் கிடைத்த ஓலைச்சுவடியை அங்குள்ளோர் வழியில் வந்து பறித்துச் சென்றனர். எம்பெருமானார் வருந்தி நிற்க, ஒவ்வோர் இரவும் அவர் கண்வளர்ந்த பின் அச்சுவடியைப் படித்து நெஞ்சில் பதித்துக் கொண்டதை ஆழ்வான் விண்ணப்பம் செய்தார். ஸ்ரீபாஷ்யத்தை எம்பெருமானார் அருளிச்செய்ய, ஏட்டில் எழுதியவரும் ஆழ்வானே.

இவ்வரலாற்றை அவருடைய நினைவாற்றலுக்குச் சான்றாகவே நாம் சொல்லி வருகிறோம். அதில் வேறொரு பொருளும் உண்டு. எழுத்தைப் பார்க்கும் கண்ணும் எழுதும் ஏடும் இல்லாதபோது கற்றவனுக்கு எஞ்சுவது நெஞ்சில் உள்ளது ஒன்றே. அந்நாள் வந்தபோது ஆழ்வானிடம் எதுவும் குறையவில்லை. வேதமும் வேதாந்தமும் அருளிச்செயலும் அவருள் ஏற்கனவே குடிகொண்டிருந்தன. நம் முன்னோர் ஓதுவித்த முறையும் செவிவழி வந்ததுதானே. ஆசார்யன் ஒரு முறை சொல்ல, சிஷ்யன் இரு முறை திருப்பிச் சொல்லும் ஸந்தை முறையில் ஏட்டுக்கு வேலையில்லை. பார்வையற்ற பிள்ளையும் பார்வையுள்ள பிள்ளையும் சமமாக அமரக்கூடிய பள்ளி அது.

சோழன் சபை

கிருமிகண்ட சோழன் என்று நம் நூல்கள் குறிப்பிடும் அரசன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று எழுதிய ஓலையில் வித்வான்கள் யாவரிடமும் கையெழுத்து வாங்கினான். அவன் சபையிலிருந்த நாலூரான் என்பவன், உடையவரும் ஆழ்வானும் இடாத கையெழுத்தால் பயனில்லை என்று எடுத்துக் கொடுத்தான். ஆட்கள் திருவரங்கத்துக்கு வந்தபோது, ஆழ்வான் எம்பெருமானாருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு சபைக்குச் சென்றார். ஆசார்யரான பெரிய நம்பியும் முதிர்ந்த வயதில் உடன் சென்றார். எம்பெருமானார் வெள்ளைச் சாற்றி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார்.

சபையில் ஓலை நீட்டப்பட்டது. சிவம் என்னும் சொல் குறுணி என்ற அளவுக்கும் பெயர். அதனினும் பெரிய அளவு த்ரோணமாகிய பதக்கு உண்டே என்ற பொருள்பட ஆழ்வான் எழுதினார். வெகுண்ட அரசன் இருவர் கண்களையும் பறிக்க ஆணையிட்டான். அவனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா என்று ஆழ்வான் தாமே அவற்றைப் பறித்துக்கொண்டார். பெரிய நம்பியின் கண்களை ஏவலர் பறித்தனர். இது ஓர் அரசன் கையிலிருந்த அதிகாரத்தின் கொடுமை. இதைக்கொண்டு இன்று எந்தச் சமயத்தாரையும் வெறுப்பது ஆழ்வானுக்கு உகப்பாகாது என்பதை அவருடைய பின்னைய வாழ்வே காட்டும்.

வேதனை தாங்காத பெரிய நம்பி, வழியில் ஆழ்வான் மடியில் தலையும் திருமகளார் அத்துழாய் மடியில் திருவடிகளுமாகச் சாய்ந்தார். திருவரங்கம் சேர்ந்து அங்கே உயிர் விடலாமே என்று உடனிருந்தோர் விரும்பினர். அவ்வாறு செய்தால், திருவரங்கத்தில் உயிர் நீத்தால்தான் பேறு என்று பிற்காலத்தார் எண்ணி, சரணாகதியின் பெருமை குறைந்துவிடும் என்று நம்பி மறுத்து, அவ்விடத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். கண்ணிழந்த முதல் நாட்களிலேயே ஆழ்வான் தாங்க நேர்ந்த துயரம் இது. புண் ஆறுமுன் ஆசார்யனை இழந்தார். உடையவரோ எட்டாத தூரத்தில் இருந்தார்.

கோயில் வாசலில்

திருவரங்கம் திரும்பிய ஆழ்வான் பெரியபெருமாளை ஸேவிக்கச் சென்றார். உடையவரோடு ஸம்பந்தமுள்ள எவரையும் உள்ளே விடலாகாது என்று அப்போது ஆணை இருந்தது. வாசலில் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், இவர் எல்லோரிடத்தும் நல்லவர், இவர் செல்லலாம் என்றான். ஆழ்வான் இரண்டடி பின் வாங்கினார். நற்குணம் என்பது ஆசார்ய ஸம்பந்தத்துக்கு வழியாக வேண்டும். அந்த ஸம்பந்தத்தை விலக்கிவிட்டு என் குணத்துக்காக உள்ளே விடுவதாயின் அப்படிப்பட்ட ஸேவை எனக்கு வேண்டா என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

கண்ணை இழந்து, ஆசார்யனைப் பிரிந்து, பெருமாள் ஒருவரே துணை என்று வந்தவர் அவர். வாசற்காவலன் காட்டியது ஒருவகை இரக்கம். பார்வையற்றோர் இன்றும் அன்றாடம் சந்திப்பது இத்தகைய இரக்கமே. வழியை விட்டு விலகி நின்று, பாவம், இவரை விடுங்கள் என்பார்கள். அவர் யார், யாரைச் சேர்ந்தவர், எதற்காக வந்தார் என்று கேட்க மாட்டார்கள். ஆழ்வான் தம்மை உடையவர் அடியார் என்றே அறியக் கருதினார். அந்த அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பெறும் சலுகை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

திருமாலிருஞ்சோலையில்

பின்னர் ஆழ்வான் குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள அழகர்கோயில் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு அம்மலை அயலூர் அன்று. எங்கள் பெரியாழ்வாரின் திருவரசு அங்கேதான் உள்ளது. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஸமர்ப்பிப்பதாகக் கோதை நேர்ந்துகொண்டது அந்த அழகருக்கே. அந்த நேர்த்தியை எம்பெருமானார் பிற்காலத்தில் நிறைவேற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்ததாக வரலாறு. இன்றும் சித்திரைத் திருவிழாவில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்று கள்ளழகருக்குச் சாற்றப்படுகிறது.

அங்கே ஆழ்வான் அருளிச்செய்தது ஸுந்தரபாஹு ஸ்தவம். அவருடைய பஞ்ச ஸ்தவங்களில் பெரியது அது. 132 ச்லோகங்கள் கொண்டது. மற்றவை ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமாநுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், 11 ச்லோகங்களேயான ஸ்ரீஸ்தவம் என்பன. ஸுந்தரபாஹு ஸ்தவத்தில் சோலையும் மலையும் நூபுர கங்கையும் வருகின்றன. அழகருடைய திருமுடி, திருமுக மண்டலம், திருத்தோள்கள், திருவாபரணங்கள், திருவடிகள் என ஒவ்வொன்றாக அநுபவிக்கப்படுகின்றன. அழகன் என்று பெயர் பெற்ற எம்பெருமானின் அழகைப் பார்வையில்லாத ஒருவர் இத்தனை விரிவாகப் பாடியிருக்கிறார்.

இதை அற்புதம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அடியேனுக்குத் தோன்றுவது வேறு. நாம் ஸந்நிதியில் நிற்பது சில விநாடிகள். அந்தச் சில விநாடிகளில் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று திருப்தி அடைந்து, திருவாபரணம் எது, திருக்கையில் என்ன என்று நினைவில் வாங்காமலே வெளியே வந்துவிடுகிறோம். ஆழ்வானுக்கு அந்த அவசரம் இல்லை. ஆழ்வார்கள் பாசுரங்களில் கேட்டது, முன்பு கண்டது, நெஞ்சில் நாடோறும் நினைந்தது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு திருவவயவத்திலும் நின்று நிதானிக்க அவருக்கு இடம் கொடுத்தன.

அந்த ஸ்தவத்தின் பிற்பகுதியில் அவர் வைத்த விண்ணப்பமும் கருதத்தக்கது. திருவரங்கம் பழைய சிறப்போடு விளங்க வேண்டும், எம்பெருமானாருடன் மீண்டும் அங்கே கூடி வாழ வேண்டும் என்பதே அது. அவர் குறையாகக் கருதியது எது என்பது இதனால் விளங்கும்.

நம் வழக்கில் ஒரு சொல் உண்டு. பெருமாளைப் பார்த்தேன் என்று நாம் சொல்வதில்லை. ஸேவித்தேன் என்றே சொல்கிறோம். பாசுரம் ஓதுவதற்கும் ஸேவித்தல் என்றே பெயர். தண்டன் ஸமர்ப்பிப்பதும் ஸேவித்தலே. அச்சொல்லில் கண் கட்டாயமில்லை. கோயிலில் நாம் பெறுவனவற்றையே எண்ணிப் பாருங்கள். தீர்த்தம் நாவுக்கு, துழாய் மூக்குக்கு, ஸ்ரீசடகோபம் தலைக்கு, அருளிச்செயல் கோஷ்டி செவிக்கு. கண்ணுக்கென்று உரியது ஒன்று. மற்றவை யாவும் பார்வையற்றவருக்கும் நமக்கும் பொது.

செவியின் கூர்மை

ஆழ்வானுடைய செவியும் நெஞ்சும் எத்தகையன என்பதற்கு வ்யாக்யானங்களில் வரும் ஓர் ஐதிஹ்யம் போதும். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் கூக்குரல் ஒருகால் அவர் செவியில் விழுந்தது. இது யாருக்குக் கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிறதோ என்று எண்ணி ஆழ்வான் மோஹித்து விழுந்தாராம். நம் காதிலும் அத்தகைய குரல்கள் விழத்தான் செய்கின்றன. நாம் கடந்து போகிறோம்.

அத்தகைய நெஞ்சுடையவர் கல்விச்செருக்கோ செல்வச்செருக்கோ குலச்செருக்கோ அற்றிருந்ததில் வியப்பில்லை. திருவரங்கத்தமுதனார், 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியில், எம்பெருமானாரைப் பாடத் தொடங்கும்போதே ஏழாம் பாசுரத்தில் ஆழ்வானைப் போற்றுவது இந்த முக்குறும்பைக் கடந்த பெருமைக்காகவே. அமுதனாரை உடையவர் திருவடியில் சேர்த்தவரும் ஆழ்வானே.

மீண்டும் திருவரங்கம்

மேல்நாட்டில் இருந்த எம்பெருமானார், திருவரங்கத்துச் செய்தி அறிந்துவர மாருதிச் சிறியாண்டானை அனுப்பினார். அவர் மூலம் பெரிய நம்பி திருநாடு அலங்கரித்ததையும் ஆழ்வான் கண்ணிழந்ததையும் அறிந்து துடித்தார். சோழன் மாண்ட பின், 12 ஆண்டுகள் கழித்து எம்பெருமானார் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் வந்து சேர்ந்து திருவடிகளில் விழுந்தார். தம்மோடு கொண்ட ஸம்பந்தத்தாலன்றோ இவருக்கு இது நேர்ந்தது என்று உடையவர் கண்ணீர் பெருக்கினார். ஆழ்வானோ, யாரோ ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாக இருக்கிறதென்று தாம் எண்ணியிருக்கக் கூடும், அதன் பலனே இது என்று விண்ணப்பித்தார்.

இவ்விடத்தில் நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஆழ்வான் அப்படிச் சொன்னது தம்மைப் பற்றி. ஆசார்யனுடைய வருத்தத்தைத் தணிப்பதற்காக. எம்பெருமானார் அவரை நோக்கி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நம்மில் சிலர், பார்வையற்ற ஒருவரைக் கண்டவுடன் முன்வினை என்று அவர் காதுபடவே பேசிவிடுகிறோம். தன் குற்றத்தைத் தானே எண்ணுவது நைச்யம். பிறர் உடலைக் காட்டி அவர் குற்றத்தை எண்ணுவது அபசாரம். ஆழ்வான் தமக்குக் குற்றமாகச் சொல்லிக்கொண்டதே, ஓர் அடியாரின் தோற்றத்தைக் கண்டு குறை நினைத்ததைத்தான் என்பதை மறக்கலாகாது.

பேரருளாளன் ஸந்நிதியில்

எம்பெருமானார் அத்துடன் அமையவில்லை. கேட்டதைத் தரும் பேரருளாளனிடம் கண்ணை வேண்டும்படி நியமித்தார். ஆழ்வானுக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் ஆசார்ய நியமனம் என்பதால் காஞ்சியில் வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்தார். பெருமாள் உகந்து, வேண்டியதைக் கேட்கச் சொல்ல, தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றார். பெருமாளும் தந்தருளினார். இதைக் கேள்வியுற்ற உடையவர், தம் எண்ணத்தை நிறைவேற்றாமல் இப்படிச் செய்தாரே என்று வருந்தினார். பெருமாளையும் உடையவரையும் மட்டும் ஸேவிக்கும் அளவுக்குப் பார்வை அருளப்பட்டது என்று சொல்லும் பெரியோரும் உண்டு.

இதில் இருவர் நிலையும் நமக்குப் பாடம். ஆழ்வான் கண்ணைப் பொருட்படுத்தவில்லை என்பதற்காக, கண் மருத்துவத்தை நாடுவது பக்திக்குக் குறை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பார்வை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஸாக்ஷாத் எம்பெருமானாரே. மதுரையில் 1976 இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்வை பெற்றுத் திரும்பிய முதியோர் எங்கள் பக்கத்தில் பலர். அந்த ஆசை ஆசார்யன் ஆசைக்கு ஒத்ததே. அதே வேளையில், பார்வை மீளாதவருடைய வாழ்வு ஏதோ பாதி வாழ்வு என்று நினைப்பதும் தவறு என்பதை ஆழ்வான் காட்டினார். பெற வந்த இடத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

திருநாட்டுக்கு

இறுதியில் ஆழ்வான் பெரியபெருமாளிடம் திருநாட்டை வேண்டிப் பெற்றார். ஆழ்வானோடு ஸம்பந்தமுடையார் அனைவருக்கும் அப்பேறு உண்டு என்று பெருமாள் அருளியதைக் கேட்ட உடையவர், தமக்கும் அந்த ஸம்பந்தம் உண்டே என்று மேல்சாற்றை வானில் எறிந்து ஆனந்தித்தார். பின்னர், தமக்கு முன்னே செல்வானேன் என்று கலங்கினார். ஆசார்யன் எழுந்தருளும்போது சிஷ்யன் எதிர்கொண்டழைக்க வேண்டும். முறை மாறலாகாது என்பதே ஆழ்வானுடைய விடை. குமாரர்களைத் திருவரங்கநாதனிடமும் நாச்சியாரிடமும் ஒப்படைத்துவிட்டு, உடையவர் திருவடிகளைச் சிந்தித்தபடி திருநாடு அலங்கரித்தார்.

நாம் செய்யத்தக்கது

அடியேன் பல ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன். பார்வையற்றோர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், பெட்டக வசதி முதலியவற்றை மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008 இல் அறிவுறுத்தியது. 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும் 500 ரூபாய்த் தாளில் வட்டமும் தடவி அறியும்படி மேடாக அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். உலகியல் காரியத்துக்கு இத்தனை ஏற்பாடு உண்டு. ஆழ்வானை ஆசார்யராகக் கொண்ட நாம், நம் கோயில்களில் அதைவிடக் குறைவாகச் செய்வது தகுமோ?

பார்வையற்ற அடியார் ஒருவர் ஸந்நிதிக்கு வந்தால், முதலில் உதவி வேண்டுமா என்று கேட்போம். வேண்டும் என்றால், அவரைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளக் கொடுத்து அரையடி முன்னே நடப்போம். படி வருவதை முன்கூட்டியே சொல்வோம். உடன் வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுவோம். தீர்த்தம், துழாய், ஸ்ரீசடகோபம் ஒவ்வொன்றும் வரும்போது வாயால் சொல்வோம். அன்று பெருமாளுக்கு என்ன சாற்றுப்படி, எந்த மாலை, எந்தத் திருவாபரணம் என்று திருமுடி தொடங்கித் திருவடி வரை மெல்ல எடுத்துச் சொல்வோம். சொல்வதற்காகவாவது நாமும் நன்றாக ஸேவித்தவர்கள் ஆவோம். கோஷ்டியில் இடம் கொடுப்போம். பாசுரங்களை மனப்பாடமாக ஓதும் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

வருகிற தை ஹஸ்தத்தன்று தனியன் ஸேவிப்பதோடு இவற்றில் ஒன்றையேனும் தொடங்கினால், கோயில் வாசலில் ஒரு காலத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பிய அந்த மஹானுக்கு நாம் ஸமர்ப்பிக்கும் சிறு கைங்கர்யமாக அது அமையும்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
ராஜபாளையம்